வீடு புதுசு, தெரு பழசு: நியூரம்பெர்க்

ஜெர்மனியில் இருக்கும் நியூரம்பெர்க் போய் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒரு சாரார், "கோட்டை, மதில், கோபுரம்னு அப்படியே ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்" என்பார்கள். இன்னொரு சாரார், "எல்லாம் டூப்பு. இரண்டாம் உலகப் போர்ல குண்டு போட்டு மண்ணோடு மண்ணாகிப்போன ஊர், அப்புறம் கட்டி வெச்சது" என்பார்கள். இரண்டாவது கட்சிக்காரர்களிடம் உள்விவரம் தெரிந்தவர் என்ற மிடுக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஊரை நிதானமாக நடந்து பார்த்தால் இரண்டு தீர்ப்புமே ஒட்டவில்லை.

நான் போனது பெரியப்பாவோடு. பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கும்பிடுவதற்கு முன்னால் தூணைத் தட்டிப் பார்க்கிற ஆள். அவரோடு ஊர் சுற்றுவதில் ஒரு கஷ்டம் உண்டு: அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குப் போதாது, எப்போது கட்டினது, எதால் கட்டினது, யார் பணம் என்று தெரிந்தாக வேண்டும். நியூரம்பெர்க்கில் இந்தக் குணம் மிகவும் உபயோகப்பட்டது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு குண்டான வட்டக் கோபுரம் நிற்கிறது. இதே போல் இன்னும் மூன்று உண்டு. பழைய ஊரைச் சுற்றியிருந்த மதில் மொத்தம் ஐந்து கிலோமீட்டர். அதில் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு இன்றும் இருக்கிறது. சிவப்பும் பழுப்பும் கலந்த மணற்கல், அகலமான அகழி, அகழிக்குள் இப்போது புல்லும் நடைபாதையும். கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் நாம் எதிர்பார்த்த மரச்சட்ட வீடுகள் வரிசையாக வரவில்லை. துணிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை. மேலே இரண்டு மூன்று மாடி, பூச்சு வேலை, சாதாரணச் சதுர ஜன்னல்கள், உச்சியில் மட்டும் செங்குத்தாக இறங்குகிற ஓட்டுக் கூரை. பெரியப்பா நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னடா இது, நம்ம பி.டபிள்யூ.டி. குவார்ட்டர்ஸுக்கு ஓடு போட்ட மாதிரி இருக்கு?"

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. அந்த வீடுகளில் பெரும்பாலானவை 1950-களில் கட்டியவை. பழைய வீடுகளை நகல் எடுக்க அப்போது ஊரில் காசும் இல்லை, நேரமும் இல்லை. கூரை இல்லாத ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு முடிவை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டார்கள். தெருக்கள் பழைய தடத்திலேயே போக வேண்டும். போக்குவரத்துக்காக அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளலாம். கூரை சரிவாக இருக்க வேண்டும், ஓடு சிவப்பாக இருக்க வேண்டும், கோட்டையையும் தேவாலயக் கோபுரங்களையும் மிஞ்சி எதுவும் எழும்பக் கூடாது. இந்த எல்லைக்குள் வீடு எவ்வளவு எளிமையாக இருந்தாலும் சரி. அதனால்தான் ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் அரசாங்கக் குடியிருப்பு மாதிரி தெரிகிற அதே தெரு, வளைந்து வளைந்து மேடேறிப் போகும்போது பழைய ஊராக மாறிவிடுகிறது. வீடு புதுசு, தெரு பழசு.

எதை இழந்தார்கள் என்பதைப் பார்க்கக் கோட்டைக்கு ஏற வேண்டும். ஊரின் வடக்கு ஓரத்தில் பாறை மேல் நிற்கிறது புனித ரோமானியப் பேரரசர்களின் கோட்டை. பார்க்க வருகிற கூட்டம் முதலில் போவது கிணற்றுக்கு. ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்துக்குப் பாறையைக் குடைந்த கிணறு. வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்வார். தண்ணீர் கீழே போய் விழுகிற சத்தம் வர எடுத்துக்கொள்கிற நேரத்தில் குழந்தைகள்கூட மூச்சு விடுவதில்லை. அப்புறம் பக்கத்திலிருக்கும் சின்வெல் கோபுரம். மரப்படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போனால் நான்கு பக்கமும் ஊர் விரிகிறது. அங்கே 1945-ல் இதே ஊர் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் படங்களை வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கலாம். தேவாலயங்களின் இரட்டைக் கோபுரங்கள் அதே இடத்தில். நடுவில் சிவப்பு ஓடுகளின் அலை இருக்க வேண்டிய இடத்தில், படத்தில் பல் உதிர்ந்த சுவர்கள், கற்குவியல், அவற்றுக்கிடையே வெள்ளைக் கோடுகளாக வழி. சுவர்கள் போய்விட்டன, கோடுகள் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கட்டினார்கள் என்பதற்கு அந்தப் படத்துக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1945 ஜனவரி 2-ஆம் தேதி மாலை. 500-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. 1,800-க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள், சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மதிலுக்குள் இருந்த ஊரில் பத்தில் ஒன்பது பங்கு போனது. முந்தைய ஆண்டு மார்ச் இறுதியில் இதே ஊரைக் குறிவைத்து வந்தபோது பிரிட்டிஷ் விமானப்படை ஒரே இரவில் 95 விமானங்களை இழந்தது. அந்தப் போரில் அவர்களுடைய மிக மோசமான இரவு அது. அந்த முறை ஊர் தப்பித்தது, ஜனவரியில் தப்பவில்லை. ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்கப் படைகள் ஊரைப் பிடித்தபோது அது ஹிட்லரின் பிறந்தநாள். இந்த இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு வேறு எங்காவது புது ஊர் கட்டிக்கொள்ளலாம் என்றுகூட அப்போது பேச்சு இருந்தது.

கோட்டைக்குக் கீழே, பாறைக்குள், நான் மிகவும் விரும்பிய இடம் ஒன்று இருக்கிறது. நடுக்காலத்திலிருந்து பீர் பாதுகாக்கக் குடைந்த நிலவறைகள். போர்க்காலத்தில் அவற்றில் சிலவற்றைக் கலைப்பொருள்களைப் பத்திரப்படுத்தும் காப்பறைகளாக மாற்றினார்கள். இருபது மீட்டருக்கும் மேல் பாறை தலைக்கு மேலே, உள்ளே ஈரம் அண்டாமல் இருக்கக் காற்றுச்சீரமைப்பு. வைட் ஷ்டோஸ் செதுக்கிய மரச்சிற்பங்கள், மார்ட்டின் பெஹைம் 1490-களில் செய்த உலக உருண்டை (கொலம்பஸ் கிளம்பிய காலத்தது, அமெரிக்கா அதில் கிடையாது), பேரரசின் மணிமுடி எல்லாம் இங்கேதான் தப்பின. இதில் எல்லாமே ஊரின் சொத்து அல்ல. மணிமுடியை 1938-ல் வியன்னாவிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். கிராக்கோவ் நகரின் மரியன்னை தேவாலயத்துப் பெரிய பலிபீடம் போலந்திலிருந்து கொள்ளையடித்தது. இரண்டும் 1946-ல் திரும்பிப் போயின. குளிர்கிற அந்த அறைகளில் நடக்கும்போது ஓர் உறுத்தல் வராமல் போகாது. சண்டை மூண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நிர்வாகத்தில் இருந்திருக்கிறார்கள். தெரிந்தே சண்டை போட்டிருக்கிறார்கள். அதே பாறைக்குள் வேறு நிலவறைகளில் ஜனங்களும் ஒதுங்கினார்கள், அதனால்தான் சாவு எண்ணிக்கை அந்த அளவோடு நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேவாலயங்கள் விஷயத்தில் மட்டும் அவர்கள் எளிமையோடு திருப்திப்படவில்லை. இருந்தது இருந்தபடி மீட்டார்கள். புனித லோரன்ஸ் தேவாலயத்தில் பீடத்துப் பக்கத்து வளைகூரை முழுவதும் இடிந்து விழுந்திருந்தது. அங்கே ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி 1490-களில் செதுக்கிய நற்கருணைப் பேழை (பூசையின் புனித அப்பத்தை வைக்கிற இடம்) ஒன்று இருக்கிறது. ஒல்லியான கல் கொடி, ஏறத்தாழ இருபது மீட்டர் உயரம், நுனி வளைகூரையை ஒட்டி வளைந்துவிடுகிறது. போரில் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காத்துவிட்டார்கள். மேல்பகுதி நொறுங்கிப் பின்னர் ஒட்டப்பட்டது. மொத்தப் பாரத்தையும் முதுகில் தாங்குவது போல் அடியில் சில கல் மனிதர்கள் குத்துக்காலிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சிற்பியேதான். சுருட்டைத் தாடி, தலையில் துணி, கையில் கொட்டாப்புளியும் உளியும். சாமியைச் சுமப்பவனாகத் தன்னையே வைத்துக்கொண்ட கொத்தனார். பெரியப்பா அவர் எதிரில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முழங்கால் தேஞ்சிருக்கும் பாரு, அப்படி உக்கார்ந்தா கல்லு வேலை செய்யறவனுக்கு அங்கதான் வலிக்கும்" என்றார்.

இன்னொரு பெரிய தேவாலயமான புனித செபால்டில், உள்ளே நடக்கும்போதே பழைய நிலைமையின் படங்கள் எதிர்ப்படும். கூரையில்லாத நடுக்கூடம், வானம் தெரிகிற வளைவு, தரையில் மலையாகக் கல். இந்தப் படங்களை மூலையில் ஒளித்துவைக்காமல், சம்பந்தப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. வெண்கலத்தில் வார்த்த புனிதரின் கல்லறை மட்டும் சுவருக்குள் மூடி வைத்ததால் பிழைத்தது. அதைத் தாங்கி நிற்பவை நத்தைகள். குழந்தையோடு போகிறவர்கள் அவற்றைக் காட்ட மறக்க வேண்டாம்.

ஆக, எதுதான் அசல்? ஊர் நடுச் சதுக்கத்தில் தங்கமும் நிறமுமாக எழும்பி நிற்கும் "அழகிய நீரூற்று" முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதன் கம்பிவேலியில் உள்ள வளையத்தைத் திருப்பினால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. போரில் அதைச் சுற்றிக் கான்கிரீட் கூடு கட்டிக் காப்பாற்றினார்கள். ஆனால் காப்பாற்றப்பட்டதே நகல்தான். 14-ஆம் நூற்றாண்டு நீரூற்று சிதைந்துபோனதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாகச் செய்து வைத்தது அது. மூலத்தின் துண்டுகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குண்டு விழுவதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே இந்த ஊர் தன் பழமையைப் புதுப்பித்து வைத்துக்கொண்டிருந்தது. "எல்லாம் டூப்பு" கட்சிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அந்தச் சதுக்கத்துக்கே இன்னொரு கதை உண்டு. 1349-ல் யூதர்களைக் கொன்று விரட்டி, அவர்கள் குடியிருப்பை இடித்த இடம் அது. தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் அன்னை மரியாள் தேவாலயம் எழுந்தது. தினமும் நண்பகல் 12 மணிக்கு அதன் முகப்பில் ஏழு சிறு பொம்மைகள் பேரரசர் நான்காம் கார்ல் சிலையைச் சுற்றி வரும். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பிரபுக்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அந்தப் படுகொலைக்குக் கண்ணை மூடிக்கொண்ட பேரரசர்தான் அவர். ஆறு நூற்றாண்டு கழித்து நாஜிகளும் இங்கே "பழைய ஊரைச் சுத்தப்படுத்த" வந்தார்கள். ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் இருந்த பெரிய தொழுகைக்கூடம், ஊரின் பழைய அழகைக் கெடுக்கிறது என்று காரணம் சொல்லி, 1938 ஆகஸ்டில் இடிக்கப்பட்டது. நாடு முழுக்கத் தொழுகைக்கூடங்கள் எரிந்த நவம்பர் இரவுக்கு மூன்று மாதம் முன்னாலேயே. பாரம்பரியம், பழமை என்ற பேச்சைக் கேட்டதும் உருகிவிடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

மதிய உணவு பற்றிச் சுருக்கமாக. இந்த ஊர் சுண்டுவிரல் நீளத் தொத்திறைச்சிக்குப் பேர் போனது. பன்னுக்குள் மூன்று வைத்துத் தருவார்கள். பெரியப்பா சைவம். பிரெட்ஸலும் உருளைக்கிழங்கு சாலடும் கிடைக்கும், பசி அடங்கும், அவ்வளவுதான். ஆனால் லெப்குஹென் என்கிற இஞ்சி நிறக் கேக்கை முகர்ந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பட்டை, கிராம்பு, ஏலக்காய். இது தற்செயல் இல்லை. 1505-ல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல்களில் முதல் போட்ட ஜெர்மன் வணிகர்களில் நியூரம்பெர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் உண்டு. மலபார் மிளகு வணிகத்தில் இந்த ஊர்க் காசும் இருந்தது.

சரி, பழைய ஊரின் கற்கள் எங்கே போயின? ஒரு கோடி கன மீட்டரை ஒட்டிய இடிபாடு சும்மா மறைந்துவிடாது. ஊரின் தென்கிழக்கில் நாஜிக் கட்சி மாநாடுகள் நடந்த மைதானம் இருக்கிறது. அங்கே 4 லட்சம் பேர் உட்காரும் உலகின் மிகப் பெரிய விளையாட்டரங்கைக் கட்டுவதற்கு 1937-ல் அடிக்கல் நாட்டினார் ஹிட்லர். குழி தோண்டியதோடு சரி. போர் வந்து வேலை நின்றது, குழியில் நிலத்தடி நீர் ஊறி ஏரியாகிவிட்டது. போருக்குப் பின் ஊரின் இடிபாடுகளை அந்தக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இன்று அது மரம் வளர்ந்த குன்று, பேர் சில்பர்பூக். ஜனங்கள் அதன் மேல் ஓடுகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அடியில் கிடப்பது பழைய நியூரம்பெர்க். ஏரிக்குப் பேர் சில்பர்சே, பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். ஆனால் குன்றில் கொட்டிய குப்பையிலிருந்து கசிந்த ஹைட்ரஜன் சல்ஃபைடால் அதன் தண்ணீர் விஷம். குளிக்கத் தடை, அதை மீறி இறங்கிச் செத்தவர்கள் உண்டு. கரை நெடுக எச்சரிக்கைப் பலகைகள்.

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குன்றுக்கு வருவதில்லை, பக்கத்திலிருக்கும் ஸெப்பலின் மைதானத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆல்பர்ட் ஷ்பேர் வடிவமைத்த கல் மேடை. உச்சியிலிருந்த பிரம்மாண்ட ஸ்வஸ்திகாவை அமெரிக்கர்கள் 1945 ஏப்ரல் 22-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இருபுறத்துத் தூண் வரிசைகளை 1967-ல் நகராட்சியே எடுத்துவிட்டது. மிச்சப் படிகளில் புல் முளைத்திருக்கிறது; நாங்கள் போனபோது ஒரு பையன் அந்தச் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். கல் கழன்று விழுந்து யார் தலையையாவது பதம் பார்க்காமல் இருக்கச் சுமார் 8.5 கோடி யூரோ செலவழிக்கத் தீர்மானித்திருக்கிறார்கள். அழகுபடுத்தவும் கூடாது, இடிக்கவும் கூடாது. இருக்கிற நிலையில் பத்திரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். எட்டரைக் கோடியில் ஒரு பாழை பாழாகவே வைத்திருப்பதா என்று பெரியப்பா முதலில் முகம் சுளித்தார். "இடிச்சுட்டா வருஷாவருஷம் செலவு மிச்சம்." அரங்கின் படிகளில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, "இடிச்சா, நாளைக்கு இப்படி ஒண்ணு நடக்கவே இல்லேன்னு எவனாவது சொல்லுவான், இல்ல?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கடைசியாகப் போனது எகிடியன் சதுக்கத்துக்கு. பெல்லர் மாளிகை அங்கே இருக்கிறது. மார்ட்டின் பெல்லர் என்ற வணிகர் 1602-லிருந்து 1605-க்குள் கட்டியது. ஜெர்மனியின் மிக அழகான நகர வீடுகளில் ஒன்றாகப் பேர் வாங்கியது. குண்டுவீச்சில் வாசல் மண்டபமும் சில சுவர்களும் மட்டும் மிஞ்சின. 1950-களில் அந்த மிச்சத்தை அடித்தளமாக வைத்து, மேலே முழுக்க நவீனமான கட்டடம் எழுப்பினார்கள், நூலகத்துக்காக. வரிசை வரிசையாக ஒரே அளவு ஜன்னல்கள். கீழே நானூறு வருஷத்து வளைவுகள், மேலே ஐம்பதுகளின் சட்டம். இப்போது அந்தப் புதுக் கட்டடமும் பாதுகாக்கப்பட்ட சின்னம். உள்முற்றத்தை மட்டும் பழைய ஊர் நண்பர்கள் என்ற சங்கத்தார் நன்கொடை திரட்டி, கல் கல்லாகச் செதுக்கி, 2018-ல் பழைய வடிவிலேயே முடித்துவிட்டார்கள். முகப்பையும் அப்படியே திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு கட்சி; ஐம்பதுகளின் முகப்பும் வரலாறுதான், கை வைக்காதே என்று மறு கட்சி.

எனக்கு இரண்டாவது கட்சி. டிரெஸ்டனில் மாதாகோயிலை 2005-ல் அச்சு அசலாக எழுப்பி முடித்தார்கள். பிராங்க்ஃபர்ட்டில் 2018-ல் திறந்த "புதிய பழைய ஊர்" பகுதியில் 35 கட்டடங்களில் 15 அச்சு அசல் மறுபதிப்பு. இரண்டையும் பார்த்திருக்கிறேன், கைவேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கெல்லாம் அறுபது, எழுபது வருஷம் நடுவில் காணாமல் போய்விடுகிறது: குண்டு விழுந்தது, அடுத்த நிமிஷம் கட்டியாகிவிட்டது என்பது போல. நியூரம்பெர்க்கின் சாதாரண வீடுகளில் அந்த வறுமை தெரிகிறது, கூரையில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்காத பிடிவாதமும் தெரிகிறது. இதையெல்லாம் சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் விளக்கிச் சொன்னேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முற்றத்தில் அந்தக் கல் வேலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "நீ பேசறது படிச்சவன் பேச்சு. அந்த முற்றத்தைக் கட்டி முடிக்கறதுக்குள்ள எத்தனை பசங்க அந்தப் பழைய வேலையைக் கத்துக்கிட்டிருப்பான், அதைச் சொல்லு. முகப்பைக் கட்டினா இன்னும் பத்து பேர் கத்துக்குவான்."

"அதுக்காக நல்லா இருக்கற கட்டடத்தை இடிக்கறதா, பெரியப்பா?"

"நல்லா இருக்கா? அந்த ஜன்னலைப் பாருடா" என்றார்.

ரயிலில் திரும்பும்போதும் இந்த வழக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.